வீட்டுக் கணினிக்கு வி.பி.என். கட்டாயமா?

வணக்கம் அம்மா. மொரிஷியசின் காத்ர் போர்ன் நகரிலுள்ள வீட்டில் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் வெளிநாட்டிலுள்ள மகளுடன் பேசவும் மட்டுமே கணினியைப் பயன்படுத்துவதாகவும், கடைக்காரர் மூன்றாண்டு வி.பி.என். (உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை) சந்தா கட்டாயம் என்று வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

வங்கித் தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (https) எனத் தொடங்கினால், கடவுச்சொல் உங்கள் கணினியிலேயே பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் வெளியே செல்கிறது. எந்தத் தளத்துக்குச் சென்றீர்கள் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியுமே தவிர, அங்கே என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. வி.பி.என். போட்டால், இணைப்பு நிறுவனத்திடம் இருந்த அந்த விவரம் வி.பி.என். நடத்துபவரின் கைக்கு மாறும். முன்பின் அறியாத ஒருவரை, அதிலும் இலவசமாகத் தருபவரை, அந்த அளவுக்கு நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலுக்கே. அதை நம்பி நீங்களே கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால் எந்த வி.பி.என்.னும் காப்பாற்றாது. ஆகவே வங்கிக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சான்றையும் கேட்பது) இயக்குங்கள். விண்டோஸ் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

தளங்கள் முடக்கப்படும்போது வி.பி.என். உதவும் என்பது உண்மை. 2024 நவம்பர் 1 அன்று மொரிஷியசில் தேர்தலுக்கு முன் சமூக ஊடகங்களுக்கு விதிக்கப்பட்ட தடை மறுநாளே விலக்கப்பட்டது. அப்படி ஒரு தேவை மீண்டும் வந்தால், அப்போது ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.