நாட்டுக்கோழிக் குடற்புழு: கேட்டவையும் சொன்னவையும்

கோபியிலிருந்து ஓர் அக்கா: தீனி நன்றாக எடுக்கிறது, நெஞ்செலும்பு மட்டும் கத்தி மாதிரி துருத்துகிறது. புழுவா?

இருக்கலாம்ங்க அக்கா. காலையில் கூடு திறந்ததும் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். அரிசி போல வெள்ளைத் துணுக்கு இருந்தால் நாடாப்புழு. உருண்டைப்புழு அப்படிச் சுலபமாகத் தெரியாது. செத்த கோழியின் குடலைக் கீறினால் விரல் நீளத்துக்கு வெளிர்மஞ்சளாகச் சுருண்டு கிடக்கும். பைப்பரசின் என்ற மருந்து உருண்டைப்புழுவை வெளியேற்றும், நாடாப்புழுவை அசைக்காது. அல்பெண்டசோல் என்றால் உருண்டைப்புழுவுக்குக் கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். நாடாப்புழுவுக்கு அளவு கூடும், டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். முதலில் தராசில் எடை போடுங்கள்.

பெருந்துறை: ஒரு கோழிக்கு எத்தனை சொட்டுங்க?

சொட்டுக் கணக்கு வேண்டாம். 2.5 சதவீத அல்பெண்டசோல் மருந்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ கோழிக்கு 0.6 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள்.

காங்கேயம்: வேப்பிலையும் பூண்டும் அரைத்து உருண்டை போட்டால் போதாதா? எங்க அப்பாரு காலத்தில் இங்கிலீஷ் மருந்தா இருந்தது?

அப்பாரு காலத்தில் பத்துக் கோழி தோட்டம் முழுக்க மேய்ந்தது தம்பி. இப்போது ஐம்பதை வலைக்குள் அடைக்கிறோம். எச்சத்தோடு விழும் உருண்டைப்புழு முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். அதே மண்ணில்தான் கோழி தீனி பொறுக்குகிறது. நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ வழியாக வரும். எருக்குழியைக் கிளறும் கோழிக்கு மருந்து கொடுத்துவிட்டு அங்கேயே திறந்துவிட்டால் என்ன பயன்? கூட்டின் அடியைச் சுரண்டிக் காயப்போடுங்கள், குழிக்கு வேலி கட்டுங்கள்.

மறுபடி காங்கேயம்: எங்கள் வீட்டில் உருண்டையிலேயே தேறியதுங்க.

தேறியது சந்தோஷம். உருண்டை கொடுப்பதை நான் தடுக்கவில்லை. மெலிந்த கோழியை அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள் என்கிறேன். என் தோட்டத்தில் அப்படிக் காத்திருந்து நான்கு பெட்டையை இழந்தேன். ஒன்றின் குடல் புழுவாலேயே அடைத்திருந்தது.

தாராபுரம்: உடைத்த முட்டைக்குள் புழு இருந்ததுங்க!

அபூர்வம், ஆனால் நடக்கும். குடலிலிருந்து மலவாய் வழியாக முட்டைக்குழாய்க்கு ஏறிவிடும். அந்த முட்டையை எறிந்துவிட்டு எல்லாக் கோழிக்கும் மருந்து கொடுங்கள்.

பவானி: பச்சையாகக் கழிகிறது, கழுத்து திருகுகிறது. புழு மருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கும். தனியே பிரித்து, இன்றே கால்நடை மருந்தகம் போங்கள்.

பல்லடம்: பிராய்லர் தீவனத்தில் கலக்க?

அது எனக்குப் பழக்கமில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

அந்தியூர்: எத்தனை சொட்டு?

பெருந்துறைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எடை போடுங்கள்.

சென்னிமலை: தடுப்பூசிக்கு முன்னா, பின்னா?

ஒரு வாரம் முன்னால். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுங்கள். முதல் தடவை குடல் சுவரில் ஒளிந்திருந்த குஞ்சுப்புழு அதற்குள் வளர்ந்திருக்கும். மருந்து கொடுத்த நாட்களில் முட்டையைச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.