சைக்கிளுக்கு முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: பாலக்காடு சந்திராநகரில் குடியிருக்கிறேன். தினமும் கஞ்சிக்கோட்டுக்கு சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். வார்டு கூட்டத்தில் சைக்கிள் பாதை கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். அதில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். உங்கள் வீட்டுத் தெரு உள்ளாட்சியுடையது. பஸ் ஓடும் பெரிய ரோடுகள் பெரும்பாலும் பொதுப்பணித் துறையிடம் இருக்கும். கஞ்சிக்கோடு தாண்டி வாளையார் போகும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளாட்சியால் ஒரு கல்லைக்கூட நட முடியாது. அதற்கு, கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மனு கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வொரு ஆபீசும் இன்னொன்றைக் கைகாட்டும். மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. கூடவே மலையாளத்தில் ஒரு பிரதி வைத்தால் வேலை சீக்கிரம் நகரும்.

சரி, எதைக் கேட்பது? நேரான ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுப்பது எல்லாருக்கும் சுலபம். ஒரே மாதத்தில் அதன்மேல் ஆட்டோவும் காரும் நிற்கும். நீங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் இறங்குவீர்கள். அதனால் சந்திப்புகளைச் சரிசெய்யச் சொல்லித்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

தொழிற்பேட்டைக்குள் இடப்பக்கம் திரும்பும் கண்டெய்னர் லாரியை ஒரு நாள் ஓரமாக நின்று கவனியுங்கள். டிரைவர் உட்காருவது வலப்பக்கம், அதுவும் உயரத்தில். இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படுவதே இல்லை. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். நாம் காலை ஊன்றி நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். ஆகவே சிக்னல் உள்ள இடங்களில் வண்டிகள் நிற்கும் கோட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் சைக்கிளுக்கு நிற்க இடம் கேளுங்கள். அது வரும்வரை லாரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள்.

குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு கேளுங்கள். 60இல் வரும் வண்டி, 30இல் வருவதைவிட நான்கு மடங்கு சக்தியோடு மோதும். போர்டு மட்டும் வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். வெள்ளை வரி போட்ட வேகத்தடையும் தெருவிளக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பாதையே கிடைப்பதாக இருந்தால், அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையாமல், வண்டிகள் ஓடும் ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் கட்டையோ கம்பமோ வைத்துப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததா? ஆடியில் சாயங்காலம் வீடு திரும்பும்போது எதிர்க்காற்றில் மெதுவாக மிதிப்போம். மெதுவாகப் போகும் சைக்கிள் அதிகம் ஆடும். பக்கத்தில் லாரி கடக்கையில் காற்று ஒரு நொடி நின்று, மறுபடி அடிக்கும். ஹேண்டில்பார் ஒரு சாண் விலகிவிடும்.

அப்புறம் சாக்கடை மூடிகள். இவற்றை யாரும் மனுவில் எழுதுவதில்லை, எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. சாதா சைக்கிள் டயரின் அகலம் நான்கு சென்டிமீட்டர்தான். மூடியின் கம்பி இடைவெளி ரோடு போகும் திசையிலேயே இருந்தால் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஒரு மழை நாளில் அப்படி விழுந்து என் இடது மணிக்கட்டு உடைந்தது. கம்பிகளைக் குறுக்காகத் திருப்பிப் போட ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை. நீங்கள் போகும் வழியில் உள்ள மூடிகளை எண்ணுங்கள். இடைவெளியில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து, இடமும் தேதியும் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள்.