இடுப்புப் பை கட்டி மலையேறலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எடை 82 கிலோ, கொஞ்சம் தொப்பை உண்டு. ஐந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது கால் வலி இல்லை. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் இடுப்பு பிடிக்கிறது. நண்பர்களோடு கொல்லிமலை, வெள்ளியங்கிரி என்று போய் வருவேன். போன முறை மகனின் காலேஜ் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு ஏறியபோது இரண்டு தோளும் கழுத்தும் வலித்தன. இடது கை மரத்துப்போனது. முதுகுப் பைக்குப் பதிலாக இடுப்பில் கட்டும் 'லம்பர் பேக்' வாங்கச் சொல்கிறார் நண்பர். டிஸ்க் பிரச்சினை உள்ளவர் இடுப்பில் எடை கட்டலாமா? எந்த அளவு வாங்குவது? இடுப்பு வலிக்குப் போடும் எல்.எஸ். பெல்ட்டைப் போட்டு அதன்மேல் கட்டலாமா?

பதில்: கட்டலாம். நீங்கள் சொல்லும் நிலையில், காலேஜ் பையைவிட இடுப்புப் பை உங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும் என்று நினைக்கிறேன். பை எவ்வளவு பெரியது, அதன் பெல்ட் எங்கே உட்காருகிறது என்ற இரண்டில்தான் கவனம் வேண்டும். அதற்கு முன்னால் அந்த இடது கையைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை, கழுத்துக்குக் கீழே தோள் வரை ஓடும் காறை எலும்புக்கு அடியில் போகிறது. பையின் பட்டை அந்த இடத்தை வெகுநேரம் அழுத்தினால் கை மரத்துப்போகும். கனமான மூட்டை சுமந்து நடக்கும் ராணுவ வீரர்களிடம் மருத்துவர்கள் இதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். உங்களுக்கு இரண்டு தோளும் சேர்ந்து வலித்திருப்பதால் பட்டைதான் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 47 வயது, சர்க்கரை, மலை ஏற்றம், இடது கை என்று நான்கும் ஒரே கடிதத்தில் வரும்போது இதயத்தைப் பற்றி யோசிக்காமல் நான் பையைப் பற்றி எழுத முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகத்தான் வரும் என்றில்லை. கை கனக்கலாம், தாடை வலிக்கலாம், வழக்கத்தை மீறி மூச்சு வாங்கலாம், காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டலாம்.

கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். பையைக் கழற்றியதும் கை சரியானதா, இல்லை பையோடு நின்று ஓய்வெடுத்தாலே சரியானதா? பை இல்லாமல் மாடிப்படி ஏறும்போதும் கையில் ஏதாவது தெரிகிறதா? ஓய்வெடுத்தாலே போகிறது, அல்லது பை இல்லாமலும் வருகிறது என்றால் மலைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றாலும், அடுத்த மலைக்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டு, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 2024 சீசனில் வெள்ளியங்கிரிக்குப் போனவர்களில் பலர் மலையிலேயே உயிரிழந்தார்கள். ஒரு நாள் பரிசோதனையைச் சோம்பலால் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இப்போது டிஸ்க். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'பிதுக்கம்' என்ற வார்த்தையைப் பார்த்த நாளிலிருந்து வாளித் தண்ணீர்கூடத் தூக்காமல் இருப்பவர்கள் நிறைய. இடுப்பு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 40 வயதினரில் பாதிப் பேருக்கும் 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்களுக்குக் காலுக்கு இறங்கும் வலி இல்லை, காலில் மரப்போ பலவீனமோ இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்து எழுந்தால்தான் பிடிப்பு. இப்படிப்பட்ட இடுப்புக்கு நடை நல்லது. மலை நடையும் நல்லதே.

காலேஜ் பையில் இடுப்புப் பட்டை கிடையாது. அதனால் எடை முழுவதும் தோளில் தொங்குகிறது, அங்கிருந்து முதுகெலும்பு வழியாக இறங்குகிறது. எடை பின்னால் இழுப்பதை ஈடுகட்ட நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள், கழுத்தை மட்டும் நிமிர்த்திப் பாதையைப் பார்க்கிறீர்கள். தோளும் கழுத்தும் வலிக்காமல் என்ன செய்யும்? இடுப்புப் பையில் எடை நேராக இடுப்பெலும்பில் இறங்குகிறது. உடலின் எடை மையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படிகளில் இறங்கும்போது தடுமாற்றமும் குறைவு. முதுகு காற்றாட இருக்கும். மார்பில் பட்டை இல்லாததால் மூச்சும் தாராளம்.

ஆனால் இந்த நன்மையெல்லாம் எடை குறைவாக இருக்கும்வரைதான். முதுகுப் பைக்குப் பொதுவாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்வோம். உங்களுக்கு 8 கிலோ வருகிறது. இடுப்புப் பைக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். பையையும் சேர்த்து மூன்றரைக் கிலோ, மிஞ்சினால் 4 கிலோ. அதற்கு மேல் போனால் பை பிட்டத்தின்மேல் சரிந்து, ஒவ்வொரு அடிக்கும் இடமும் வலமும் ஆடும். அப்போது எல்லாரும் செய்வது பெல்ட்டை இன்னும் இறுக்குவது. தொல்லைகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. பை சரிந்தால் பெல்ட்டைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள்.

ஆகவே சிறிய பையாகவே வாங்குங்கள்; 8 முதல் 10 லிட்டர் போதும். பெரிதாக வாங்கிப் பாதி நிரப்புவேன் என்று சொல்பவர்கள், கிளம்பும் நாளில் முழுக்க நிரப்பிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, தண்ணீர் மட்டும் ஒன்றரைக் கிலோ. மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் குடிப்பீர்கள் என்றால் மூன்று மணி நேரத்துக்கு வரும். வெயில் ஏறினால் அதுவும் போதாது, வழியில் எங்கே நிரப்பலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பை தன் பங்குக்கு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சாப்பாடு அரைக் கிலோ, மெல்லிய மழைக்கோட்டு, டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மாத்திரை, போன். மூன்றரைக் கிலோ நிரம்பிவிட்டது. பாட்டில் விஷயத்தில் ஒரு குறிப்பு: கனமான எவர்சில்வர் பாட்டில் காலியாகவே கால் கிலோவைத் தாண்டும். எடை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவுக்கு அடுத்து பையின் வடிவம். அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும் பை வேண்டாம். அதே 3 கிலோ முதுகிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும், இடுப்பைப் பின்னால் இழுப்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் சிறு பட்டைகள் இருந்தால் பை முதுகோடு ஒட்டி நிற்கும். அவை இல்லாத பையை வாங்காதீர்கள். பாட்டில் வைக்கும் இடம் இரண்டு பக்கமும் இருக்கட்டும். ஒரே பாட்டிலை நடுவில் செருகும் மாதிரியில், வழுக்கிப் பின்னால் விழுந்தால் பாட்டில் நேராக முதுகெலும்பில் குத்தும். முதுகோடு ஒட்டும் பக்கத்தில் துண்டு, சட்டை மாதிரி மெத்தென்றவற்றை வையுங்கள். குடித்து வரும்போது இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றிக் காலி செய்தால் எடை ஒரு பக்கம் சாயாது.

பெல்ட் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோபத்தில் நிற்பவர்போல இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றுங்கள். விரலுக்கு அடியில் தட்டுப்படும் எலும்பு விளிம்புதான் பெல்ட்டின் நடுக்கோடு. பெல்ட்டில் பாதி அந்த விளிம்புக்கு மேலும் பாதி கீழும் இருக்க வேண்டும். பக்கிள் தொப்புளுக்குக் கீழே வரும். பக்கவாட்டில் பஞ்சு வைத்து உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பெல்ட்தான் எடையைத் தாங்கும். ஒரு அங்குல நாடா மட்டும் உள்ள சின்னப் பைகள் பஸ் பயணத்தில் பணம் வைத்துக்கொள்ள நல்லவை, மலைக்கு ஆகாது.

தொப்பை உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெல்ட் பின்னால் எலும்பில் சரியாக உட்கார்ந்தாலும், முன்னால் வயிற்றுக்கு அடியில் வழுக்கி, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் போய் அழுத்துகிறது. இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில்தான் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இறங்குகிறது. அது நசுங்கினால் தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரக்கும், பேன்ட் உரசினாலே கூசும். இதை மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்போம். அதிக எடை உள்ளவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது எளிதில் வரும். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. டிஸ்க் இருப்பதாகத் தெரிந்தவருக்கு இந்த எரிச்சல் வந்தால், 'டிஸ்க் காலுக்கு இறங்கிவிட்டது' என்று பயந்து மறுபடி ஸ்கேன் எடுக்க ஓடுவார். வித்தியாசம் எளிது. இந்த நரம்பு தோல் உணர்ச்சிக்கு மட்டும்தான். பாதத்துக்குப் போகாது, காலின் பலத்தைக் குறைக்காது. பெல்ட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். மலையில் எரிய ஆரம்பித்தால் ஊருக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்காதீர்கள், அங்கேயே தளர்த்துங்கள்.

இதனால் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, மெல்லிய தோள் பட்டைகளும் மாட்டிக்கொள்ள வசதியுள்ள இடுப்புப் பை. அந்தப் பட்டை எடையைச் சுமக்க அல்ல, பை கீழே சரியாமல் பிடித்துக்கொள்ள. அது இருந்தால் பெல்ட்டை இறுக்க வேண்டிய அவசியமே வராது. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், வயிறு விரிய முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சாப்பிட்டதும் எதுக்களிக்கும். குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் இந்த வகைப் பையை விட்டுவிடுவது நல்லது.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அது பெல்ட்டுக்கு அடியில் சிக்காமல் கீழே தள்ளிவிடுங்கள். நாலு மணி நேரம் எடையோடு அழுத்தினால் தோல் உரிந்துவிடும். சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆற நாளாகும். பெல்ட் வரும் இடத்தில் வியர்வை தேங்கிப் படர்தாமரை வருவதும் நம் ஊர் வெயிலில் சகஜம். சட்டையைப் பேன்ட்டுக்கு வெளியே விட்டு அதன்மேல் பெல்ட்டைக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைத் துவைத்து நன்றாகக் காயவைத்தபின் எடுத்து வையுங்கள்.

எல்.எஸ். பெல்ட் மேல் பை கட்டுவது வேண்டாம். அந்தப் பெல்ட் வழுவழுப்பாக இருப்பதால் பை அதன்மேல் நிற்காது. இரண்டும் சேர்ந்து வயிற்றை நெருக்கும். வலி கடுமையாக இருக்கும் நாட்களில் சில மருத்துவர்கள் அதைக் கொஞ்ச காலத்துக்குத் தருவது சரி. ஆனால் இடுப்பு வலி வராமல் அது தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. எல்.எஸ். பெல்ட் இல்லாமல் ஏற முடியாது என்று தோன்றினால் நீங்கள் இன்னும் மலைக்குத் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீண்ட ஏற்றத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடக்கூடியது. மலை நாளில் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்த வேண்டாம். பெல்ட்டிலேயே இருக்கும் முன் ஜிப் அறையில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலங்கள் இரண்டு வையுங்கள். நடுக்கம், படபடப்பு, குளிர் வியர்வை வந்தால் உட்கார்ந்து ஒன்றைச் சாப்பிட்டு, 15 நிமிடம் பொறுத்தும் சரியாகாவிட்டால் இன்னொன்று. அது எங்கே இருக்கிறது என்று கூட வருபவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடுத்துப் போங்கள். காலிப் பையைக் கட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. எடையோடு கட்டி மாடிப்படி ஏறி இறங்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். வாங்கியபின் வீட்டருகே சில நாள் அரை மணி நேரம் அதோடு நடந்துவிட்டு மலைக்குப் போங்கள். முதல் பயணத்துக்குக் கொல்லிமலை ஆகாய கங்கை அருவி வேண்டாம் என்பேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதலில் இறங்கிவிட்டு, களைத்தபின் ஏற வேண்டிய இடம் அது. பாதியில் திரும்பிவிட வசதியான பாதையாகப் பாருங்கள்.

வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுவதாக இருந்தால் மேலே குளிருக்குக் கம்பளி, கூடுதல் தண்ணீர், சாப்பாடு எல்லாம் வேண்டும். அதை இடுப்புப் பையில் திணிக்காதீர்கள். இடுப்புப் பட்டை உள்ள 20 லிட்டர் முதுகுப் பைதான் அதற்குச் சரி. அதிலும் எடையில் பெரும்பங்கு அந்தப் பட்டை வழியாக இடுப்பெலும்பில்தான் இறங்க வேண்டும்.

நடக்கும்போது கால் வரை வலி இறங்கினாலோ, நிமிர்ந்து நடந்தால் கால் மரத்துக் குனிந்தால் சரியானாலோ பையைக் கழற்றிவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ நேரம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.