பையனுக்கு நல்ல ‘சிக்ஷா’ கொடுங்க!

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பே இந்தி பிரசார சபா பரீட்சைகள் எழுதியவள் நான். கணவருக்கு மாற்றலாகி, ஆறு மாதம் முன்பு புனே வந்தோம். பையன் மூன்றாம் வகுப்பு. காதில் விழுந்த மராத்தியையும் தெரிந்த இந்தியையும் கலந்து அவன் டீச்சரிடம், “முலாலா சாங்லி சிக்ஷா த்யா” என்றேன். ‘பையனுக்கு நல்ல கல்வி கொடுங்கள்’ என்றுதான் நினைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறி, “ஏன், வீட்டில் என்ன செய்தான்?” என்று கேட்டார். பக்கத்து வீட்டில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் படித்த இந்தி தப்பா? இனி டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?
– ஒரு வாசகி, புனே

பதில்: உங்கள் இந்தியில் பழுதில்லை. ஆனால் மராத்தியில் நீங்கள் சொன்னது, ‘பையனுக்கு நல்லா தண்டனை கொடுங்க’ என்று! டீச்சர் பதறியதில் நியாயம் இருக்கிறது.

இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. டெல்லியில் 2020-இல் மனிதவள அமைச்சகத்தின் பெயரை மாற்றியபோது இந்தியில் ‘சிக்ஷா மந்த்ராலய்’ ஆயிற்று. மராத்தியில் கல்விக்கு ‘சிக்ஷண்’. சிக்ஷா என்றால் நீதிபதி கொடுப்பது. ஆயுள் தண்டனை அங்கே ‘ஜன்மட்டேபேச்சி சிக்ஷா’. குஜராத்தியிலும் இதே பிரிவுதான். வேடிக்கை என்னவென்றால், பாடம் நடத்துபவர் இந்தியிலும் மராத்தியிலும் ‘சிக்ஷக்’தான். அவரை யாரும் தண்டிப்பவராக நினைப்பதில்லை, மாணவர்களைத் தவிர.

இது எப்படி வந்தது? சம்ஸ்கிருதத்தில் ‘சக்’ என்ற வேருக்கு ‘இயலுதல்’ என்று பொருள். சக்தி அதிலிருந்து வந்ததுதான். ‘எனக்கு இது இயல வேண்டும்’ என்று விரும்புவது சிக்ஷா. அதாவது கற்கும் முயற்சி. வேதத்தின் ஆறு அங்கங்களில் ஒன்றுக்கும் சிக்ஷா என்று பெயர், அது உச்சரிப்பு இலக்கணம். தைத்திரீய உபநிஷத்தின் முதல் பகுதியான சீக்ஷாவல்லி, சாந்தி மந்திரம் முடிந்ததும் எழுத்து, சுரம், மாத்திரை என்றுதான் ஆரம்பிக்கிறது. குருவின் எதிரில் உட்கார்ந்து, பிசகினால் திருத்து வாங்கி, மறுபடி சொல்லிப் பழகும் படிப்பு. திருத்துக்கும் தண்டனைக்கும் எத்தனை தூரம்? நம் வீட்டிலேயே, “அவனுக்குச் சரியான பாடம் புகட்டணும்” என்கிறோமே, அந்தப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

வங்காளிகள் அதை ‘ஷிக்கா’ என்பார்கள். கல்விதான், ஆனால் ‘உசித் ஷிக்கா’ என்றால் ‘தக்க பாடம்’, கேட்பவருக்கு நல்லதில்லை. இந்தியில் தண்டனைக்குப் பாரசீகத்திலிருந்து வந்த ‘சஜா’ இருக்கிறது, சம்ஸ்கிருத ‘தண்ட்’ இருக்கிறது. அதனால் சிக்ஷா அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மராத்தியில் இன்னொரு விசேஷம்: கற்றுக்கொள்வதை ‘சிக்ணே’ என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம்தான். மக்கள் வாயில் தேய்ந்து வந்த பிள்ளை படிக்கிறது. சம்ஸ்கிருத உருவிலேயே இருக்கும் பிள்ளை பிரம்பு பிடிக்கிறது.

தெற்கில் கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் இந்தச் சொல் தண்டனைதான். 2001 வாக்கில் மத்திய அரசு ‘சர்வ சிக்ஷா அபியான்’ (அனைவருக்கும் கல்வி இயக்கம்) கொண்டுவந்தபோது, அதை அப்படியே படித்தால் ‘எல்லாருக்கும் தண்டனை இயக்கம்’ ஆகிவிடும். கர்நாடகத்தில் ‘சர்வ சிக்ஷண அபியான’ என்று ஓரெழுத்தைச் சேர்த்துத் தப்பித்தார்கள். கேரளத்தில் சிக்ஷாவையே வைத்துக்கொண்டார்கள்!

தமிழ்? நமக்கு இரண்டும் உண்டு, அதுதான் அழகு. சங்கீதக்காரர்கள், “இன்னாரிடம் சிட்சை” என்றால் குருவிடம் பெற்ற பயிற்சி. தமிழ் பைபிளில், “கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து” என்று வரும், அது கண்டிப்பு. நாம் இரண்டு அர்த்தத்தையும் வைத்துக்கொண்டு, இப்போது சொல்லையே பாதி மறந்துவிட்டோம்.

சரி, டீச்சர் விஷயம். அடுத்த முறை பார்க்கும்போது நீங்களே ஆரம்பித்துவிடுங்கள்: “அன்றைக்கு நான் சொல்ல வந்தது சிக்ஷண், இந்தியில் அதைச் சிக்ஷா என்பார்கள்.” புனேவில் இந்தி தெரியாத டீச்சர் அபூர்வம், சட்டென்று புரிந்துவிடும். பையனிடமும் கதையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், அம்மாவே அடிக்கச் சொன்னாள் என்று வகுப்பில் வேறு மாதிரி பரவும்.

இன்னும் இரண்டு சொற்களில் கவனம். யாராவது, “மலா ராக் ஆலா” என்றால் பாட்டு வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கோபம் வந்துவிட்டது என்கிறார். அப்புறம், இந்தியில் ‘முயற்சி செய்கிறேன்’ என்பதற்குச் ‘சேஷ்டா’ என்று படித்திருப்பீர்கள். மராத்தியில் அது கேலி. ‘நான் முடிந்தவரை சேஷ்டா செய்கிறேன்’ என்று மட்டும் அந்த டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள்.