கமா எங்கே, செமிகோலன் எங்கே? ஆங்கில இணைப்புச் சொற்கள் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு ஆங்கில இலக்கண ஆசிரியரின் பதில்கள்.

அரூர், பிளஸ் டூ மாணவி: சார், 'அண்ட்', 'பட்' வந்தாலே முன்னாடி கமா போடணுமா?

வந்தாலே போடக் கூடாதும்மா. இணைப்புச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் படித்துப் பார். எழுவாயும் வினையுமாகத் தனி வாக்கியமாக நின்றால் கமா உண்டு.

"தி பஸ் லெஃப்ட் தர்மபுரி அட் சிக்ஸ், பட் இட் ரீச்ட் அரூர் ஆஃப்டர் எய்ட்." மறைத்தால் மிஞ்சுவது "இட் ரீச்ட் அரூர் ஆஃப்டர் எய்ட்". முழு வாக்கியம், ஆகவே கமா. அதில் 'இட்'டை எடுத்துவிட்டால் "ரீச்ட் அரூர்" மட்டும்தான் மிச்சம். எது போய்ச் சேர்ந்தது என்றே இல்லை. அங்கே கமா வேண்டாம்.

இந்த விதி ஏழு சொற்களுக்கு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று மனப்பாடம் செய்வார்கள். இரண்டு பக்கமும் மிகச் சின்ன வாக்கியம் என்றால் ("ஹி கேம் அண்ட் ஷி லெஃப்ட்") கமாவை விடலாம். தேர்வில் மட்டும் போட்டுவிடு.

ஒரு எச்சரிக்கை. மூச்சு வாங்கும் இடத்தில் கமா என்று யார் சொன்னாலும் கேட்காதே.

ஓசூர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்: "தி மெஷின் ஸ்டாப்ட், ஹவெவர் வி கன்டின்யூட்" என்று மெயில் போட்டேன். மேனேஜர் தப்பு என்கிறார். 'பட்' மாதிரிதானே சார் இதுவும்?

பொருள் 'பட்' மாதிரி, வேலை வேறு. 'ஹவெவர்' வினையுரிச்சொல். அதற்கு இரண்டு வாக்கியங்களைக் கட்டும் பலம் கிடையாது. வாக்கியத்துக்குள் இடம் மாறுவதே அதற்கு அடையாளம்: "வி, ஹவெவர், கன்டின்யூட்" என்று எழுதலாம். "வி, பட், கன்டின்யூட்" என்று முடியுமா?

ஆகவே முன்னால் செமிகோலன், பின்னால் கமா: "தி மெஷின் ஸ்டாப்ட்; ஹவெவர், வி கன்டின்யூட்." ஃபுல் ஸ்டாப் வைத்துப் புது வாக்கியமாகவும் தொடங்கலாம். 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' இரண்டுக்கும் இதே கதை. 'தென்' முன்னாலும் வெறும் கமா போதாது. அதற்குப் பின்னால் மட்டும் கமா கட்டாயமில்லை.

ஊத்தங்கரை, ஆசிரியப் பயிற்சி மாணவர்: 'பிகாஸ்', 'இஃப்', 'வென்' இவற்றுக்கு என்ன விதி?

இந்தச் சொற்களில் தொடங்கி, தனியாக நிற்காத சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா: "வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், வி லெஃப்ட்." பின்னால் வந்தால் பொதுவாகக் கமா இல்லை: "வி லெஃப்ட் வென் தி ரெய்ன் ஸ்டாப்ட்." பாதிப் பேர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். சிக்கலே இதற்கு அப்புறம்தான்.

முதன்மை வாக்கியத்தில் 'நாட்' வந்து, பின்னால் 'பிகாஸ்' வந்தால் கவனம். "தி ஃபார்மர் டிட் நாட் செல் தி மேங்கோஸ் பிகாஸ் தி ப்ரைஸ் வாஸ் லோ." இதற்கு இரண்டு பொருள். விலை குறைவாக இருந்ததால் விவசாயி மாங்காயை விற்கவில்லை என்பது ஒன்று. விற்றார், ஆனால் விலைக் குறைவு அதற்குக் காரணமல்ல என்பது இன்னொன்று. 'நாட்' எதுவரை பாய்கிறது என்பதுதான் குழப்பம். 'பிகாஸ்' முன்னால் கமா போட்டால் 'நாட்' அங்கேயே நின்றுவிடும். முதல் பொருள் மட்டும் கிடைக்கும். இரண்டாவது பொருள்தான் வேண்டுமென்றால் கமாவை நம்பாமல் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.

'ஆல்தோ', 'வேராஸ்' போல முரணைக் காட்டும் சொற்கள் பின்னால் வந்தாலும் கமா போடுவதே வழக்கம். 'வைல்' நேரத்தைச் சொன்னால் கமா இல்லை, முரணைச் சொன்னால் உண்டு.

காவேரிப்பட்டணம்: 'அண்ட்' முன்னால் கமா வருமா?

அரூர் மாணவிக்குச் சொன்னதேதான்.

பென்னாகரம்: "ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி வென்ட்" சரியா?

தவறு. இரண்டில் ஒன்றை வெட்டுங்கள்.

ஓசூர், கல்லூரி மாணவர்: 'ஸோ'வை ஏழில் சேர்த்தது ஏன்? காரண காரியம் சொல்வதால் 'பிகாஸ்' கூட்டம்தானே அது?

பொருளை வைத்துப் பிரிக்கக் கூடாது. இடம் மாற்றிப் பாருங்கள். "பிகாஸ் தி மெஷின் ஸ்டாப்ட், வி கால்ட் தி எலக்ட்ரீஷியன்" நிற்கும். "ஸோ வி கால்ட் தி எலக்ட்ரீஷியன், தி மெஷின் ஸ்டாப்ட்" நிற்காது. 'ஃபார்' காரணத்தைச் சொன்னாலும் அப்படி முன்னால் போகாது.

அதே மாணவர்: சரி சார், "அண்ட் ஸோ" என்று எழுதுகிறோமே? "அண்ட் பட்" என்று யாரும் எழுதுவதில்லை. அப்படியென்றால் 'ஸோ' அந்த ஏழில் முழுதாக அடங்கவில்லையே?

நல்ல பிடி. 'யெட்'டும் அப்படித்தான்: "அண்ட் யெட்". இந்த இரண்டும் பாதி வினையுரிச்சொல். அதனால்தான் இலக்கணக்காரர்கள் எல்லோரும் இந்த ஏழை அப்படியே ஏற்பதில்லை. கமா விஷயத்தில் மட்டும் இவை 'பட்' கட்சி.

கிருஷ்ணகிரி, போட்டித் தேர்வு எழுதுபவர்: அப்போ "வி லெஃப்ட் ஏர்லி ஸோ வி குட் கேட்ச் தி பஸ்" இதில் கமா ஏன் இல்லை?

அங்கே 'ஸோ' என்பது "ஸோ தட்". நோக்கத்தைச் சொல்கிறது, அதனால் கமா இல்லை. "வி லெஃப்ட் ஏர்லி, ஸோ வி காட் தி பஸ்" விளைவைச் சொல்கிறது, கமா உண்டு. பக்கத்தில் 'தட்' சேர்த்துப் பாருங்கள், பொருந்தினால் கமாவை எடுத்துவிடுங்கள்.

தர்மபுரி, பால் சங்க ஊழியர்: "மில்க், கர்ட், அண்ட் பட்டர்" இதில் கடைசிக் கமா தேவையா?

பிரிட்டனில் பெரும்பாலும் விடுவார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் போடுவார்கள். எதையாவது ஒன்றைப் பிடித்து, கடிதம் முழுக்க அதையே வையுங்கள்.

உங்கள் தொழிலிலேயே ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி லாரி டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்லி, "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடித்திருந்தது. 'ஆர்' முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதா? டிரைவர்கள் விநியோகித்தார்களே தவிர, பொட்டலம் கட்டவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டத்தில் பிறகு செமிகோலன்களே வந்துவிட்டன.

மத்தூர்: சார், 'பட்' வந்தா கமா போடணுமா?

அரூர். முதல் கேள்வி. விரலால் மறைத்துப் பாருங்கள். மூச்சை எண்ணாதீர்கள்.

பாலக்கோடு: ஐஇஎல்டிஎஸ்-க்கு எந்தக் கோச்சிங் சென்டர் நல்லது?

அதற்கு நான் ஆள் இல்லை. தேர்வு எழுதியவர்களைக் கேளுங்கள்.

ராயக்கோட்டை: 'பட்', 'அண்ட்' வைத்து வாக்கியத்தைத் தொடங்கலாமா?

தாராளமாக. அதற்கு அடுத்து மட்டும் கமா வைக்காதீர்கள். "பட், வி வெயிட்டட்" தவறு.

ஊத்தங்கரை பயிற்சி மாணவர் மறுபடி: "ஐ வெயிட்டட், பட், வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், ஐ லெஃப்ட்." 'பட்'டும் 'வென்'னும் அடுத்தடுத்து வந்தால் மூன்று கமாவா?

இரண்டு போதும். "ஐ வெயிட்டட், பட் வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், ஐ லெஃப்ட்." 'பட்' முன்னால் இருக்கும் கமா இரண்டு முழு வாக்கியங்களைப் பிரிக்கிறது. 'ஸ்டாப்ட்' பின்னால் இருப்பது சார்பு வாக்கியத்தை முடிக்கிறது. நடுவில் உள்ளதற்கு வேலையே இல்லை. பழைய பாணியில் அதையும் போடுவார்கள், விடைத்தாளில் வேண்டாம்.