ஓடாத நாளில் என்ன செய்யலாம்? ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பரில் கோவை, ஜனவரியில் சென்னை என்று மாரத்தான்கள் வரிசை கட்டி நிற்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிராஸ் டிரெயினிங் பற்றியவைதான். ஓட்டத்துக்குத் துணையாகச் செய்யும் சைக்கிள், நீச்சல், உடல்வலுப் பயிற்சி எல்லாமே இதில் அடங்கும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறேன். வாரம் 40 கிலோமீட்டரைத் தாண்டினாலே கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள்பக்க ஓரமாக வலி வந்துவிடுகிறது. ஒரு வாரம் நிறுத்தினால் சரியாகிறது, மறுபடி ஆரம்பித்தால் மறுபடி வலி. நண்பர்கள் சைக்கிள் ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டத்தோடு சேர்த்து அதையும் செய்யலாமா?
– வாசகர், தாம்பரம்

சைக்கிள் ஓட்டுங்கள், ஆனால் "சேர்த்து" வேண்டாம். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஐந்து நாள் ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இரண்டு நாள் சைக்கிளை ஏற்றினால் கால் ஓய்வே இல்லாமல் ஏழு நாளும் உழைக்கும். ஓட்டத்தில் ஒரு நாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிளை வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்பு ஓரத்தில் சுமை கூடியதால் வரும் வலி, சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கும்போது வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது உண்டு, அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுநாளே ஓடக் கிளம்பாதீர்கள்.

வெறும் சுமை வலிதான் என்றால் இப்படிச் செய்து பாருங்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்த அதிர்ச்சி கிடையாது, ஆனால் இதயமும் நுரையீரலும் தொடையும் உழைக்கின்றன. செவ்வாய்க்கிழமை 40 நிமிடம் நிதானமாக ஓடுகிறீர்கள் என்றால் அன்றைக்கு ஓடாமல் 60 நிமிடம் சைக்கிள், முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். சைக்கிளில் உடல் எடையை சீட் தாங்குவதால் அதே அளவு சிரமத்துக்கும் இதயத்துடிப்பு ஓட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். வாட்ச்சில் ஓடும்போது வரும் எண்ணைக் கொண்டுவந்தே தீருவேன் என்று மிதிக்காதீர்கள்.

கியர் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை, வீட்டில் இருக்கும் சாதா சைக்கிளே போதும். ஆனால் சீட் உயரத்தைப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், அதனால்தான் முட்டி வலிக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்காமல், நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி லேசான கியரில் சுற்றுங்கள்.

வேகப் பயிற்சியையும் சைக்கிளில் செய்ய முடியும்: நான்கு நிமிடம் பலமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் அதை முயற்சி செய்யாதீர்கள். ஜிம்மில் நிற்கும் சைக்கிள்தான் அதற்குச் சரி.

ஓட்டத்தைக் குறைத்தால் வேகம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். அமெரிக்க ஓட்ட வீராங்கனை பார்க்கர் வால்பி 2023-இல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 5,000 மீட்டரில் வென்றபோது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தார், மீதி நாட்களில் ஜிம் எந்திரமும் நீச்சல் குளமும்தான். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டரும் ஓடினார். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை, ஓட்டத்தைக் குறைத்தும் வேகமாக ஓட முடியும் என்பதற்கு இது சாட்சி.

காலில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் மெல்லிய விரிசல். ஆறு வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீச்சல் அடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு நீச்சல் தெரியாது. இத்தனை நாள் பயிற்சியும் வீணா?
– வாசகி, மதுரை

வீணாகாது. நீச்சல் தெரியாவிட்டாலும் தண்ணீரில் ஓடலாம். இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையைத் தொடாத ஆழத்தில் நின்ற நிலையில் ஓடுவதுதான் அந்தப் பயிற்சி, காயம்பட்ட ஓட்டக்காரர்களுக்கு உலகம் முழுக்கக் கொடுப்பது இது. நீச்சல் தெரியாதவர் ஆழப் பகுதிக்குப் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் போகவே கூடாது. மார்பளவுத் தண்ணீரில் ஆரம்பிக்கலாம், உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், ஆனால் அங்கே கால் தரையில் படுவதால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செய்யும் விதம் முக்கியம். முன்னால் குனிந்து நாய் நீச்சல் மாதிரி போய்விடக் கூடாது. உடம்பு நேராக, முட்டி மேலே வந்து, கால் பின்னால் தள்ளி, கை தரையில் ஓடும்போது ஆடுகிற மாதிரியே ஆட வேண்டும், விரல்களை லேசாக மூடிக்கொள்ளுங்கள். நகரவே இல்லையே என்று தோன்றும், பரவாயில்லை. தண்ணீரில் இதயத்துடிப்பு தரையில் இருப்பதைவிட 10 துடிப்பாவது குறைவாக இருக்கும், அதனால் மூச்சு வாங்குவதை வைத்துத்தான் அளக்க வேண்டும். சும்மா 45 நிமிடம் ஒரே வேகத்தில் செய்தால் அலுத்துப்போய் நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று பத்து முறை செய்யுங்கள், நேரம் போவதே தெரியாது.

அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் கதையை உங்களுக்காகவே சொல்கிறேன். 1984-இல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானுக்கு 17 நாள் இருக்கும்போது அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. காலை அசைக்க முடியாத நாட்களில் கையால் சுற்றும் சைக்கிளை வைத்து உடல் தகுதியைக் காப்பாற்றிக்கொண்டார். தேர்வில் முதலிடம். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம். நீங்கள் அவரைப்போல அவசரப்பட வேண்டாம், ஆறு வாரத்தையும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தோடு இருக்கும் நாட்களிலும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

சாப்பாட்டையும் கவனியுங்கள். எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே ஓடியிருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு விரிசலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வயது 54. மூன்று வருடமாக 10 கிலோமீட்டர் ஓட்டங்களில் கலந்துகொள்கிறேன். வாரத்தில் மூன்று நாள் யோகா, ஒரு நாள் நீச்சல். இந்த வயதில் எடை தூக்கும் பயிற்சியெல்லாம் தேவையா?
– வாசகி, கோவை

(உடற்பயிற்சி ஆலோசகர் ஒருவர் இந்தப் பகுதிக்கு உதவுகிறார், இந்தப் பதிலை அவரிடம் சரிபார்த்தே எழுதுகிறேன்.) இந்த வயதில்தாம்மா அவசியம் தேவை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமையானவை, ஆனால் எலும்புக்குச் சுமை கொடுப்பதில்லை. யோகா நெகிழ்வும் சமநிலையும் கொடுக்கும், அதை விட வேண்டாம். மூன்று நாளில் இரண்டு நாளை மட்டும் வலுப் பயிற்சிக்கு மாற்றுங்கள்.

ஜிம்முக்குப் போகத் தயக்கம் என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். கை வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இடுப்புக்கு மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, மாடிப்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. சுலபமாகிவிட்டால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கெண்டைக்காலுக்குத் தனியாக ஒன்று. மாடிப்படி விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மூன்று எண்ணிக்கையில் மெதுவாகக் கீழே இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்யும்போது உள்ளே இருக்கும் தசை உழைக்கிறது, நிதானமாக ஓடும்போது அதிகம் பாரம் சுமப்பது அதுதான். ஒரு காலில் 20 முறை நிறுத்தாமல் வருகிற வரை செய்து கொண்டே வாருங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்கும், பலவீனமான காலில் ஆரம்பியுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்காமல் செய்யவும்.

திருச்சி மலைக்கோட்டையில் படி ஏறுவதை கிராஸ் டிரெயினிங்காக எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

தாராளமாக. நானூறுக்கு மேல் படிகள், ஏறும்போது பின்பக்கத் தசையும் கெண்டைக்காலும் நன்றாக உழைக்கும், மேடான பாதையில் ஓட இதைவிட நல்ல தயாரிப்பு நம் சமவெளி ஊர்க்காரர்களுக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் அது கோயில், ஓடி ஏறாதீர்கள், வயதானவர்களும் குழந்தைகளும் ஏறும் இடம். வெறுங்காலில் ஏறுவதால் முதல் சில முறை கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், ஒரு முறை ஏறி இறங்குவதோடு நிறுத்துங்கள்.

உண்மையில் பதம் பார்ப்பது இறங்குவதுதான். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இரண்டாம் நாள் உட்கார்ந்து எழவே கஷ்டமாக இருக்கும். பழகிவிட்டால் மாரத்தானின் கடைசிக் கிலோமீட்டர்களில் அதே தொடை கைகொடுக்கும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் மட்டும் படி வேண்டாம். முட்டியின் முன்பக்கம் வலி இருப்பவர்கள் அபார்ட்மென்ட் படியில் ஏறி, லிஃப்டில் இறங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஷட்டில் ஆடுவது கணக்கில் வருமா?
– வாசகர், சேலம்

வரும். பக்கவாட்டு அசைவு ஓட்டத்தில் கிடைக்காதது, அது நல்லது. ஆனால் சனிக்கிழமை நீண்ட ஓட்டம் முடித்துவிட்டு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஷட்டில் என்றால் கணுக்கால் பிசகுவதற்கும் கெண்டைக்கால் இழுப்பதற்கும் வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள், ஓடுகிற ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீர்கள், அதன் உயரமான அடிப்பாகம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

மகன் எட்டாம் வகுப்பு, பள்ளியில் 1,500 மீட்டர் ஓடுகிறான். கபடியும் ஆடுகிறான். ஓட்டத்தில் மட்டும் கவனம் செலுத்தச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

வேண்டாம் சார், ஆடட்டும். பதிமூன்று வயதில் கபடி, சிலம்பம், கால்பந்து எல்லாம் அவனுக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த கிராஸ் டிரெயினிங். வளர்கிற வயதில் ஒரே அசைவைத் தினமும் செய்தால் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது சகஜம். அப்படி வலித்தால் சில வாரம் குதிப்பதையும் ஓடுவதையும் குறைக்க வேண்டும், "தாங்கிக்கொள்" என்று சொல்லக் கூடாது.

சைக்கிள், நீச்சல் செய்ததை வாராந்தரக் கிலோமீட்டரில் எப்படிச் சேர்ப்பது? வாட்ச்சில் கிலோமீட்டர் குறைவதைப் பார்த்தாலே மனசு கேட்கவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் எழுதுங்கள். சாதாரண நோட்டில் மூன்றே பத்தி போதும்: என்ன செய்தேன், எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை சிரமம். நிமிடத்தையும் சிரம எண்ணையும் பெருக்குங்கள். 60 நிமிட சைக்கிள், சிரமம் 4 என்றால் 240. 40 நிமிட ஓட்டம், சிரமம் 6 என்றால் அதுவும் 240. வாரக் கூட்டுத்தொகையை முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், திடீரென்று எகிறியிருந்தால் அடுத்த வாரம் இறக்குங்கள். ஓடிய நிமிடங்களை மட்டும் தனியாக இன்னொரு மையில் எழுதி வையுங்கள். எலும்பும் தசைநாரும் தாங்கிய சுமை அதுதான், மூன்று வாரம் சைக்கிளிலேயே போய்விட்டுத் திடீரென்று 20 கிலோமீட்டர் ஓடக் கிளம்பாமல் இருக்க அந்த எண் உதவும்.