ரா படங்களில் நிறம் மாறாமல் வர எந்த மென்பொருள்? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பட்டுச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன். அரக்கு நிறம் படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிகிறது, சேலை திரும்பி வந்துவிடுகிறது. மாதச் சந்தா கட்ட வசதியில்லை. எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். ரா படங்களை, அதாவது கேமரா தன் ரசனையைச் சேர்க்காமல் அப்படியே சேமிக்கும் படங்களைத் திருத்த உதவும் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். உங்கள் வேலைக்கு நான் ரா தெரபியைத்தான் சொல்வேன். டிசிபி என்ற கேமரா நிறக் கோப்பை அது நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

மிச்சமாகும் பணத்தில் 24 நிறக் கட்டங்கள் உள்ள கலர் செக்கர் அட்டை ஒன்று வாங்குங்கள். சேலை எடுக்கும் அதே விளக்கில் அட்டையை ஒரு படம் எடுத்து, அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா கோப்பாக மாற்றி, டிசிபி தயாரிக்கும் மென்பொருளில் கொடுத்து டிசிபி கோப்பு தயாரித்துக்கொள்ளலாம். விளக்கை மாற்றினால் மறுபடி எடுக்க வேண்டும். ரா தெரபியில் 'நியூட்ரல்' அமைப்பிலிருந்து தொடங்குங்கள். கான்ட்ராஸ்டைக் கூட்டும் டோன் கர்வ் ஏற ஏறச் சிவப்பும் ஏறும். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுங்கள். முட்டிவிட்டால் நெசவு தெரியாது, சிவப்புத் திட்டுதான் இருக்கும்.

கேள்வி: டார்க்டேபிளில் ரா படம் வெளிறித் தெரிகிறது. கேமரா தரும் ஜேபெக் எவ்வளவோ மேல். மென்பொருள் சரியில்லையா?

பதில்: மென்பொருளில் குறையில்லை. ஜேபெக்கில் கேமரா நிறுவனம் தன் ரசனைப்படி கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் கூட்டி வைத்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொருளின் நிறம் அதுவல்ல. டார்க்டேபிளின் கலர் கேலிப்ரேஷன் பகுதியிலேயே நிற அட்டையை அளந்து திருத்த வழி இருக்கிறது.

கேள்வி: கேமரா கம்பெனியே தரும் மென்பொருள் போதாதா சார்?

பதில்: கல்யாணம், குழந்தைகள் படத்துக்குத் தாராளமாகப் போதும். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ, கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் இரண்டும் இலவசம். ஆனால் நீங்கள் தயாரித்த டிசிபி கோப்பை அவை ஏற்காது.

கேள்வி: எல்லாம் செய்தும் என் லேப்டாப்பில் ஒரு நிறம், போனில் ஒரு நிறம்.

பதில்: விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல, இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களையே முழுதாகக் காட்டாது. முதலில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணையுங்கள். அப்புறம் திரை அளக்கும் கருவி ஒன்றை, நண்பர்கள் சேர்ந்தாவது வாங்கி, டிஸ்ப்ளேகால் மென்பொருளோடு பயன்படுத்துங்கள். திரையின் வெள்ளையை 6500 கெல்வின், வெளிச்சத்தை 120 கேண்டெலா பக்கம் வைத்தால் சரி. படத்தை எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்யுங்கள்.

கேள்வி: மயில் கழுத்து நிறம் மட்டும் எப்படி எடுத்தாலும் சரியாக வரவில்லை.

பதில்: பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என நெய்த பட்டு அது. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். எந்த மென்பொருளும் அதை ஒரே படத்தில் அடக்காது. நேராக ஒன்று, முந்தானையை மடித்துச் சாய்வாக ஒன்று என இரண்டு படம் போடுங்கள். விளக்கின் சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு, 95க்கு மேல் இருக்கட்டும். இரண்டு படத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் வையுங்கள், ஆட்டோவில் விடவே விடாதீர்கள்.